பிளாங்க் விடத் தெரியாத இயந்திரம்

ஒரு மருத்துவரின் கேள்வி இது: "60 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். கேஸ் ஷீட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பேசினாலே குறிப்பை எழுதிவிடும் மென்பொருளையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. அமெரிக்காவில் இது எங்கும் வந்துவிட்டதாம். அங்கே உண்மையில் என்ன நடந்தது? நம்பி வாங்கலாமா?"

வாங்கலாம் டாக்டர். ஆனால் விற்க வருபவரிடம் "எத்தனை சதவீதம் சரியாக எழுதும்?" என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் மருத்துவமனைக்குள் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். இயந்திரம் எழுதியதை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்? அமெரிக்காவில் இந்தத் தொழில்நுட்பம் எங்கே நன்றாக நடந்தது, எங்கே சறுக்கியது என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

2001ல் சென்னையில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தொலைபேசியை எடுத்துக் குறிப்பைச் சொல்லிப் பதிவுசெய்வார். அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கும் நேரத்தில் அந்த ஒலிக்கோப்பு எங்கள் கணினிக்கு வந்திருக்கும். காதில் ஹெட்போன். நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் காலடியில் ஃபுட் பெடல். பக்கத்தில் மருத்துவ அகராதியும் மருந்துப் பெயர்ப் புத்தகமும். 65 எழுத்துகள் சேர்ந்தால் ஒரு வரி, வரிக்கு இவ்வளவு பைசா என்று சம்பளம். மருத்துவர் காரை ஓட்டிக்கொண்டே பேசுவார், சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், கொட்டாவி விட்டபடி பேசுவார். அத்தனையையும் கேட்டு எழுத வேண்டும்.

முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. காதில் சரியாக விழவில்லையென்றால் ஊகிக்காதே, பிளாங்க் விடு. மருந்தின் பெயரோ அளவோ தெளிவாக இல்லையென்றால் அந்த இடத்தில் கோடு போட்டு, ஒலிக்கோப்பில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்து மேலே அனுப்ப வேண்டும். க்யூ.ஏ., அதாவது தரச் சரிபார்ப்பு, பார்க்கும் மூத்தவர் கேட்டுப் பார்ப்பார். அவருக்கும் புரியவில்லையென்றால் கேள்வி மருத்துவரிடமே போகும். பிளாங்க் விட்டால் கொஞ்சம் மதிப்பெண் குறையும். ஊகித்துத் தப்பாக எழுதினால் நிறையக் குறையும். தெரியாததைத் தெரியாது என்று காட்டுவதற்கு ஒரு குறியீடு இருந்தது. அதற்கு மரியாதையும் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அமெரிக்காவில் மின்னணு மருத்துவப் பதிவு ஒரே தாவலில் வந்தது. 2008ல் அங்கே பத்து மருத்துவமனைகளுக்கு ஒன்றில்கூட அடிப்படையான கணினிப் பதிவு முறை இல்லை. 2009 பிப்ரவரியில் பொருளாதார மீட்புச் சட்டத்தோடு சேர்த்து ஹைடெக் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கணினிப் பதிவை முறையாகப் பயன்படுத்திக் காட்டும் மருத்துவருக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வழியாக 44,000 டாலர் வரை, ஏழைகளுக்கான மெடிகெய்ட் வழியாக 63,750 டாலர் வரை ஊக்கத்தொகை. பயன்படுத்தாதவருக்குச் சில ஆண்டுகள் கழித்து மெடிகேர் பணத்தில் பிடித்தம். 2015க்குள் 96 சதவீத மருத்துவமனைகளில் சான்று பெற்ற மென்பொருள் வந்துவிட்டது.

வந்த பிறகுதான் மருத்துவர்களுக்குப் புரிந்தது, தாங்கள் தட்டச்சர்கள் ஆகிவிட்டோம் என்று. 2016ல் நான்கு துறைகளைச் சேர்ந்த 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளியோடு நேருக்கு நேர் செலவிட்ட ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போயிருந்தது. அது போக, இரவில் வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம். அடுத்த ஆண்டு விஸ்கான்சினில் 142 குடும்ப மருத்துவர்களின் கணினிப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டபோது, 11.4 மணி நேர வேலை நாளில் 5.9 மணி நேரம் அந்த மென்பொருளுக்குள்ளேயே கழிந்தது தெரிந்தது. நோயாளி பேசிக்கொண்டிருக்க, மருத்துவர் திரையைப் பார்த்தபடி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி அங்கே சாதாரணமாகிவிட்டது. அந்த வலியைப் போக்கும் மருந்தாகத்தான், பேச்சை எழுத்தாக்கும் குரலறிதல் மருத்துவமனைகளுக்குள் வேகமாக நுழைந்தது.

தொழில்நுட்பம் அதற்கு வெகு காலம் முந்தியது. 1952லேயே பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' இயந்திரம் ஒருவர் சொல்லும் எண்களைப் பிரித்தறிந்தது. 1982ல் ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் தம்பதி டிராகன் சிஸ்டம்ஸைத் தொடங்கினார்கள். 1990ல் வந்த அவர்களின் டிராகன் டிக்டேட் 9,000 டாலர். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். இயல்பாகத் தொடர்ந்து பேசினால் புரிந்துகொள்ளும் பதிப்பு 1997ல்தான் வந்தது. அந்த நிறுவனம் கைமாறிக் கைமாறி நுவான்ஸிடம் போய்ச் சேர்ந்தது. நுவான்ஸை 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்து, 2022 மார்ச்சில் வாங்கி முடித்தது. மருத்துவமனைகள் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு பெரிய சந்தை என்பதற்கு இந்தத் தொகையே சாட்சி.

மருத்துவத் துறைகளில் இதை முதலில் முழுதாக ஏற்றுக்கொண்டவர்கள் கதிரியக்க மருத்துவர்கள். அவர்களுடைய கண் எக்ஸ்ரே, சி.டி. படத்தில் இருக்கும், கை மௌஸில் இருக்கும், வாய் மட்டும் சும்மா இருக்கும். அறை அமைதியாக இருக்கும். பயன்படுத்தும் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. பேசி முடித்ததும் அங்கேயே படித்துக் கையொப்பமிட்டு அனுப்புவதுதான் அவர்களுடைய வேலையே. எழுதியதைப் படிப்பது ஏற்கெனவே அந்த வேலைக்குள் இருந்தது. மென்பொருள் அதைப் புதிதாக அவர்கள் தலையில் ஏற்றவில்லை.

மற்ற துறைகளில் கதை இரண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டத்தை நாங்கள் 'பேக் எண்ட்' என்போம். மருத்துவர் வழக்கம்போலத் தொலைபேசியில் பேசுவார். பின்னால் இயந்திரம் ஒரு வரைவை எழுதும். எங்களைப் போன்றவர்கள் ஒலியைக் கேட்டுக்கொண்டே அந்த வரைவைத் திருத்துவோம். ஒரு நாள் எங்கள் தளத்தில் பாதிப் பேரை அழைத்து, "இனி நீங்கள் டைப் செய்ய வேண்டாம், எடிட் செய்தால் போதும்" என்றார்கள். வரிக்குக் கொடுத்த காசு ஏறத்தாழ பாதியானது. வேலை பாதியாகவில்லை. நன்றாகப் பேசும் மருத்துவரின் குறிப்பு வேகமாக முடியும். வேகமாக முணுமுணுப்பவரின் வரைவையோ முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பதே சுலபமாக இருக்கும். தட்டச்சுக்கு நல்ல விரல்கள் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். எடிட்டிங்குக்கு முழுக் கவனம் வேண்டும், எட்டு மணி நேரமும் வேண்டும். அந்தக் கவனத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இரண்டாவது கட்டம் 'ஃப்ரண்ட் எண்ட்'. மருத்துவர் மைக்கில் பேசப் பேச, எழுத்து நேராகத் திரையில், அவருடைய பதிவுப் பக்கத்திலேயே வந்து விழும். அவரே திருத்தி அவரே கையொப்பமிட வேண்டும். நடுவில் இருந்த எங்கள் காது போய்விட்டது. மருத்துவமனைக்குச் செலவு மிச்சம், குறிப்பும் உடனே தயார். நிர்வாகங்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் எங்கள் மேசையில் நடந்த திருத்தும் வேலை மறைந்துவிடவில்லை. அது 40 நோயாளிகளைப் பார்த்துக் களைத்த மருத்துவரின் மேசைக்குப் போனது.

2018ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் ஒரே ஓர் ஆய்வைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படிக்கச் சொல்வேன். பாஸ்டனிலும் கொலராடோவிலும் 144 மருத்துவர்கள் பேசிய 217 குறிப்புகளை மூன்று நிலைகளில் எடுத்துப் பார்த்தார்கள். இயந்திரம் எழுதிய வரைவில் 100 சொல்லுக்கு 7.4 பிழைகள். ஏறத்தாழ 250 சொல்லுக்கு ஒன்று, சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய பிழை. டிரான்ஸ்கிரிப்ஷன் செய்பவர் அதைத் திருத்திய பிறகு 100 சொல்லுக்கு 0.4. கடைசியில் மருத்துவர் படித்துக் கையொப்பமிட்ட பிறகு 0.3.

இந்த மூன்று எண்களையும் மெதுவாகப் பாருங்கள். 7.4லிருந்து 0.4க்கு இறக்கியது ஒரு மனிதக் காது. மருத்துவரின் பார்வை 0.4ஐ 0.3 ஆக்கியது. மருத்துவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தான் சொன்னதைத் தானே படிக்கும்போது கண் எழுத்தைப் படிப்பதில்லை, நினைவைப் படிக்கிறது. நான் எழுதிய கடிதத்தில் இருக்கும் பிழை எனக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான். நடுவிலிருந்த காதை எடுத்துவிட்டால் அந்த 7.4 எங்கே போகும்? 2016ல் அவசர சிகிச்சைப் பிரிவில் குரலறிதல் வழியாக எழுதப்பட்ட 100 குறிப்புகளை ஆராய்ந்தபோது 71 குறிப்புகளில் பிழை இருந்தது. அந்தப் பிழைகளில் ஏறத்தாழ 15 சதவீதம் நோயாளிக்கு ஆபத்தாக முடியக்கூடியவை.

பிழையின் தன்மையும் மாறிவிட்டது. மனிதர் தட்டச்சில் செய்யும் தப்பு தப்பாகவே கண்ணில் படும்: எழுத்து மாறியிருக்கும், சொல் உடைந்திருக்கும், கீழே சிவப்புக் கோடு வரும். குரலறிதல் இயந்திரமோ தன் அகராதியிலிருந்துதான் எழுதும். காதில் விழுந்த ஒலிக்கு எந்தச் சொல் பொருந்தும், முந்தைய சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதனால் அதன் தவறுகூட எழுத்துப்பிழை இல்லாத, இலக்கணம் சரியான, படிக்கச் சுகமான வாக்கியமாகவே இருக்கும். 'ஏஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. அதையே இரண்டாகப் பிரித்து 'ஏ ஃபெப்ரைல்' என்று எழுதினால் காய்ச்சல் உள்ளவர். குறைவைச் சொல்லும் 'ஹைப்போ'வும் மிகுதியைச் சொல்லும் 'ஹைப்பர்'உம் ஒலியில் ஒரு மூச்சுதான் வேறுபடும், பொருளில் நேர் எதிர். விழுங்க முடியாமை 'டிஸ்ஃபேஜியா', பேசச் சொல் வராமல் தடுமாறுவது 'டிஸ்ஃபேஸியா'. ஆங்கிலத்தில் 15ம் 50ம் காதில் ஒன்றுபோல விழும். 'நோ' என்ற ஓரசைச் சொல் மூச்சோடு கரைந்துபோனால், "நெஞ்சுவலி இல்லை" என்பது "நெஞ்சுவலி" ஆகிவிடும்.

இங்கேதான் பிளாங்க் ஞாபகத்துக்கு வருகிறது. இயந்திரத்துக்கும் உள்ளுக்குள் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பக அளவு ஒன்றைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. சில மென்பொருள்கள் சந்தேகமான சொல்லை வேறு நிறத்தில் காட்டவும் செய்யும். ஆனால் அது பதிவில் சேர்ந்த பிறகு நிறமும் போய்விடும், சந்தேகமும் போய்விடும். அடுத்து அதைப் படிக்கும் செவிலியருக்கோ மருந்தாளுநருக்கோ உறுதியான சொல்லும் ஊகித்த சொல்லும் ஒரே கறுப்பு எழுத்துதான்.

ஓர் எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அலபாமாவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008ல் நீரிழிவு நோயாளியான ஒரு பெண்ணின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 8 யூனிட் இன்சுலின் 80 யூனிட் என்று ஏறிவிட்டது. அடுத்துப் போன மறுவாழ்வு மையத்தில் அதை நம்பி மருந்து கொடுத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. 2012ல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. அந்தக் குறிப்பை எழுதும் வேலை கைமாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. இயந்திரம் செய்த பிழை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் நடந்த பிழை அது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தளத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்பது மனிதரோ இயந்திரமோ, மருந்தும் அளவும் வரும் வரியை இன்னொருவர் தனியாகச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற என் பிடிவாதம் அன்று தொடங்கியது.

வேகம் கூடும் என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் அவசர சிகிச்சை மருத்துவர்கள் 35 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2017ல் வெளியிட்டார்கள். ஒரே வேலையை ஒருமுறை விசைப்பலகையும் மௌஸும் கொண்டு, ஒருமுறை குரலைக் கொண்டு செய்ய வேண்டும். குரலில் செய்தபோது 18 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது, பிழைகளும் கூடின. பேசுவது தட்டச்சைவிட வேகம்தானே, எப்படித் தாமதம்? மருத்துவப் பதிவு மென்பொருள் வெறும் தாள் போன்றது இல்லை. கட்டங்கள், கீழிறங்கும் பட்டியல்கள், அடுத்தடுத்த திரைகள் நிறைந்தது. ஐந்து வாக்கியக் கதையைப் பேசலாம். "இந்தக் கட்டத்துக்குப் போ, அந்தப் பட்டியலைத் திற, மூன்றாவதைத் தேர்ந்தெடு" என்று பேசிக்கொண்டிருந்தால் இரண்டு கிளிக்கில் முடிவது அரை நிமிடம் ஆகும். அதனால் நீங்கள் வாங்கும்போது, எதைப் பேசப்போகிறீர்கள், எதைக் கையால் தட்டப்போகிறீர்கள் என்று முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். நோய் வரலாறு, பரிசோதனைக் கண்டுபிடிப்பு, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரியின் கதைப்பகுதி பேசுவதற்கு ஏற்றவை. மருந்துப் பட்டியல், அளவு, ஒவ்வாமை இவற்றைத் தட்டுங்கள்.

இப்போது விற்பனையாளர்கள் உங்களுக்குக் காட்டப்போவது மூன்றாவது கட்டம். மருத்துவர் குறிப்பைச் சொல்லவே வேண்டாம். மேசையில் ஒரு போன் இருந்தால் போதும். நோயாளியும் மருத்துவரும் பேசுவதை அதுவே கேட்டு, தேவையானதைப் பொறுக்கி, ஒழுங்கான குறிப்பாகக் கொடுத்துவிடும். இதற்கு முந்தைய வடிவம் மனித எழுத்தர்தான். அமெரிக்காவில் மருத்துவரின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதும் 'ஸ்கிரைப்' என்ற வேலை உண்டு. மருத்துவர் கூகுள் கிளாஸ் அணிந்துகொள்ள, இந்தியாவிலோ வங்கதேசத்திலோ இருந்தபடி ஒருவர் அதைப் பார்த்து எழுதிக்கொடுத்த காலமும் இருந்தது. 2020ல் நுவான்ஸ் 'டாக்ஸ்' என்ற தானியங்கிக் கருவியைக் கொண்டுவந்தது. தானியங்கி என்றாலும் ஆரம்பத்தில் அதன் பின்னாலும் மனிதர் ஒருவர் குறிப்பைச் சரிபார்த்த பிறகே மருத்துவருக்குப் போனது. அதற்குச் சில மணி நேரம் ஆகும். 2023ல் சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மொழி மாதிரிகள் வந்ததும் அந்த மனிதரையும் எடுத்துவிட்டு, நொடிகளில் குறிப்பு தரும் வடிவத்தை வெளியிட்டார்கள். இரண்டு தடவையும் முதலில் கழற்றப்பட்டது சரிபார்த்த ஆள்தான் என்பதைக் கவனிக்கிறீர்களா?

இருந்தாலும் இந்த மூன்றாவது கட்டம் மருத்துவர்களுக்கு உண்மையாகவே நிம்மதி தந்திருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வட கலிபோர்னியாவின் பெர்மனென்டே மெடிக்கல் குரூப் 2023 அக்டோபரில் தொடங்கி, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 7,260 மருத்துவர்கள், 25 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிச் சந்திப்புகள் என்று இதைப் பயன்படுத்தியது. ஏறத்தாழ 15,700 மணி நேரம் மிச்சமானதாகக் கணக்குக் கொடுத்தார்கள். பெரிய எண்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள், ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 22 நொடி. வெறும் 22 நொடிக்காகவா இத்தனை பேர் இதைப் பிடித்துக்கொண்டார்கள்? அவர்கள் எடுத்த கருத்துக்கணிப்பில் 84 சதவீத மருத்துவர்கள் நோயாளியோடு பேசுவது மேம்பட்டதாகச் சொன்னார்கள்; நோயாளிகளில் 47 சதவீதம் பேர் டாக்டர் கணினியைப் பார்ப்பது குறைந்தது என்றார்கள். 2025ல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆறு மருத்துவ அமைப்புகளைச் சேர்ந்த 263 பேரிடம், 30 நாள் பயன்பாட்டுக்குப் பிறகு பணிச்சோர்வு 51.9 சதவீதத்திலிருந்து 38.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வுதான், கருவியைப் பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. அந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவு: இந்தக் கருவி அதிகம் திருப்பிக் கொடுத்தது கண்களை, நேரத்தை அவ்வளவாக இல்லை. மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார். என்னைக் கேட்டால் அது 22 நொடியைவிடப் பெரிது.

அதே சமயம் பிழை புதிய உருவம் எடுத்திருக்கிறது. பழைய இயந்திரம் ஒரு சொல்லை இன்னொரு சொல்லாகக் கேட்டது. புதியது யாரும் சொல்லாத முழு வாக்கியத்தையே எழுதக்கூடும். ஒலியை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐயின் விஸ்பர் மென்பொருளைச் சோதித்த 2024ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு ஒரு ஒலித்துண்டில் இப்படி நடந்தது. அவற்றில் 38 சதவீதம் வெளிப்படையாகத் தீங்கு விளைவிக்கக்கூடிய உள்ளடக்கம். பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் இருந்தவர்களிடம் இது கூடுதலாக வந்தது. மருத்துவர் அறையில் மௌனம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். நெஞ்சில் ஸ்டெத்தை வைக்கும்போது, வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது, நோயாளி சொல்லத் தயங்கும்போது.

யாருடைய குரல் என்பதும் முக்கியம். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் குரலறிதலை 2020ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்கு 19 பிழை, கறுப்பின மக்களின் பேச்சில் 35. ஒரே நாடு, ஒரே ஆங்கிலம் என்று வெளியில் சொல்லப்படும் இடத்திலேயே இவ்வளவு இடைவெளி. எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ அந்தக் குரல்கள்தான் அதற்குப் புரியும்.

இந்த இடத்தில் உங்கள் அறைக்குள் வருகிறேன் டாக்டர். நீங்கள் மட்டும் ஆங்கிலத்தில் டிக்டேட் செய்வதாக இருந்தால் அமெரிக்க அனுபவம் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தும். நம் உச்சரிப்புக்குப் பழக்கப்பட்ட மென்பொருளாக இருந்தால் போதும். ஓ.பி. அறையில் பேச்சைக் கேட்டு எழுதும் கருவி என்றால் கதை வேறு. மின்விசிறிச் சத்தம், வெளியே டோக்கன் எண் கூப்பிடும் சத்தம், பாதி வாக்கியம் தமிழ், பாதி ஆங்கிலம், நோயாளிக்குப் பதிலாகப் பேசும் மருமகள், நடுவில் எட்டிப்பார்த்து "சார், என் ரிப்போர்ட்" என்னும் இன்னொருவர். "எனக்கு சுகர் இருக்கு" என்று யார் சொன்னார், நோயாளியா, கூட வந்தவரா? இயந்திரம் அதைப் பிரித்தறிய வேண்டும்.

ஒலியைச் சரியாகப் பிடித்தாலும் பொருள் இருக்கிறது. "மயக்கமா வருது" என்பது தலைசுற்றலா, நினைவு தப்பியதா? "இழுப்பு" என்பது சில ஊரில் மூச்சிரைப்பு, சில ஊரில் வலிப்பு. "நெஞ்சு கரிக்குது", "வயிறு பொருமுது", "கால் மதமதன்னு இருக்கு" இவற்றுக்கெல்லாம் நேரான ஆங்கில மருத்துவச் சொல் கிடையாது. நீங்கள் திரும்பக் கேட்பீர்கள்: "கீழ விழுந்தீங்களாம்மா? விழுந்தது ஞாபகம் இருக்கா?" அப்படிக் கேட்காமல் விட்ட இடத்தில் இயந்திரம் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, நினைவு தப்பியதாகப் பொருள்படும் 'சின்கோப்பி' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிவிடும். தமிழில் குரலறிதலுக்காகச் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு போன்றோர் நல்ல வேலை செய்துவருகிறார்கள். ஆனால் பொதுத் தமிழைக் கேட்டெழுதுவது ஒரு படி. மருத்துவர் அறைத் தமிழை மருத்துவக் குறிப்பாக்குவது அதற்கு மேல் பல படிகள்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை. ஓ.பி.யில் தொடங்காதீர்கள். ஸ்கேன் அறிக்கை, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய மூன்றில் தொடங்குங்கள். மூன்றிலும் பேசுபவர் ஒருவர், மொழி ஒன்று, படிக்கக் கொஞ்சம் அவகாசமும் உண்டு. நல்ல மைக் வாங்குங்கள்; மென்பொருளில் பணத்தைக் கொட்டிவிட்டு மைக்கில் மிச்சம் பிடிக்கும் மருத்துவமனைகளைப் பார்த்திருக்கிறேன். எண்களை "ஒன் ஃபைவ்" என்று தனித்தனியாகச் சொல்லும் பழக்கத்தை எல்லோருக்கும் கொண்டுவாருங்கள். நிறுவனம் காட்டும் டெமோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மருத்துவர்கள் ஐந்து பேர், உங்கள் வார்டு, மாலை ஆறு மணிக் களைப்பு, 50 குறிப்புகள். ஒலியையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒருவர் ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணட்டும். மருந்து, அளவு, இடது வலது, "இல்லை" என்ற சொல் இந்த நான்கையும் தனியாக எண்ணட்டும்.

ஒலிப்பதிவை எங்கே வைக்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள், அதை வைத்துத் தங்கள் இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். 2023ல் நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எந்த அறையிலும் மைக்கைத் திறக்க வேண்டாம். ஒலியை உடனே அழித்துவிடுவோம் என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொன்னால் அதையும் யோசியுங்கள்: குறிப்பில் சந்தேகம் வரும்போது திரும்பக் கேட்க எதுவும் இருக்காது. கையொப்பமிடும் வரையிலாவது இருப்பது நல்லது.

கடைசியாக, ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஏற்கெனவே இருப்பவராகக்கூட இருக்கலாம். சென்னையிலும் கோவையிலும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை போன பிறகு மருத்துவ பில்லிங்குக்கும், நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் கோடிங்குக்கும் மாறிப்போன அனுபவசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். டிஸ்சார்ஜ் சம்மரி நோயாளியின் கைக்குப் போவதற்கு முன்னால் அவர் ஒருமுறை ஒலியோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். சந்தேகமான இடத்தில் ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு உங்களுக்கே திருப்பி அனுப்பும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். கோடு வந்தால் கோபப்படாமல் எடுத்து நிரப்பிக்கொடுங்கள்.

நிர்வாகம் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த மென்பொருள் லாபமாகத் தெரிந்தால், தைரியமாக வாங்குங்கள்.